பிரிட்டனில் 2,000 பவுண்டுக்குப் புதிய சீன 125 பைக்: வாங்கலாமா?

கேட்டவர் லண்டனின் குரோய்டனில் இருக்கும் ஒரு தம்பி. ஊரில் ஸ்ப்ளெண்டர் ஓட்டிப் பழகியவர். இங்கே எல் போர்டோடு 125 ஓட்ட அனுமதி தரும் சிபிடி பயிற்சியை முடித்துவிட்டார். வேலைக்குப் போய்வர தினமும் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். கையில் 2,200 பவுண்ட். அந்தப் பணத்துக்குப் பளபளவென்று புது சீன 125 சிசி பைக் கிடைக்கிறது, இரண்டு வருட வாரண்டியோடு. ஹோண்டா, யமஹா புதிதாக எடுக்கப் போனால் 3,000 பவுண்டை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகிறது. "சீன வண்டி பக்கமே போகாதே, இன்ஜின் ஆறு மாதம் தாங்காது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். வாங்கலாமா அண்ணா?" என்பது கேள்வி.

நீங்களே ஸ்பானர் பிடிப்பீர்கள் என்றால் வாங்கலாம் தம்பி. எல்லா வேலைக்கும் கடையில் விட்டுத்தான் எடுப்பேன் என்றால் வேண்டாம். அதே பணத்துக்குப் பழைய ஜப்பான் பெயர் வண்டி ஒன்றைத் தேடுங்கள். நண்பர்கள் சொல்லும் காரணம் தப்பு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இன்ஜின். இந்த விலையில் வரும் சீன 125-களில் பெரும்பாலானவற்றின் இன்ஜின் யாரோ புதிதாக யோசித்துச் செய்தது இல்லை. ஹோண்டா 1976-ல் கொண்டுவந்த சிஜி125, சுசுகியின் ஜிஎன்125 ஆகிய இரண்டு குடும்பங்களில் ஒன்றின் வாரிசாகத்தான் இருக்கும். சிஜி125 பிறந்த கதையே சுவாரஸ்யமானது. வளரும் நாடுகளில் வண்டியை வாங்கியவர்கள் ஆயில் மாற்றாமல், செயினைப் பார்க்காமல், அளவுக்கு மீறி பாரம் ஏற்றி ஓட்டுகிறார்கள் என்று ஹோண்டா கண்டது. அதற்குத் தாக்குப்பிடிக்கிற மாதிரி, டைமிங் செயினே இல்லாமல், வால்வைத் தள்ளித் திறக்கும் தண்டு, அதாவது புஷ்ராட், வைத்து ஒரு இன்ஜினைச் செய்தது. சிலிண்டரின் குறுக்களவு, அதாவது போர், 56.5 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 49.5 மி.மீ. இங்கே பிரிட்டனிலேயே 2008 வரை விற்றார்கள். எல் போர்டு மாட்டிப் பழகிய ஒரு தலைமுறையே அதில்தான் ஓட்டக் கற்றது. சீனத் தொழிற்சாலைகள் அந்த வடிவத்தைப் பல பத்தாண்டுகளாக வார்த்து வார்த்துக் கை பழகிவிட்டன.

ஷோரூமில் வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து இன்ஜின் பெட்டியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். 156 எஃப்எம்ஐ, 157 எஃப்எம்ஐ என்பது மாதிரி ஒரு குறியீடு பொறித்திருக்கும். முதல் 1 என்றால் ஒற்றை சிலிண்டர். அடுத்த 56, 57 என்பது போரின் அளவு, மில்லிமீட்டரில். 56 என்றால் பெரும்பாலும் சிஜி வம்சம், 57 என்றால் ஜிஎன் வம்சம். இந்த எண் இருந்தால் டேங்கில் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் கேஸ்கெட், கிளட்ச் பிளேட், பிஸ்டன் ரிங் எல்லாம் சல்லிசாகக் கிடைக்கும். விற்ற கம்பெனி நாளைக்கே கடையை மூடினாலும் இன்ஜின் அநாதையாகாது. குறியீடு இதில் எதிலும் சேராமல், வாட்டர் கூலிங்கும் தனி வடிவமுமாக இருந்தால் யோசிக்க வேண்டும். அந்த வண்டி நன்றாகவே இருக்கலாம், ஆனால் பார்ட்ஸுக்கு அந்த ஒரு இறக்குமதியாளரைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

ஆக, ஆயில் ஒழுங்காக மாற்றினால் இன்ஜின் ஆறு மாதத்தில் போகாது. அப்படியானால் மிச்சம் பிடித்த ஆயிரம் பவுண்ட் எங்கே போனது? இன்ஜினைச் சுற்றியுள்ள எல்லாவற்றிலும். போல்ட், நட்டு, வாஷர், ஸ்போக், ரிம்மின் குரோம், ஃபிரேமுக்கு அடித்த பெயின்ட், வயர் இணைப்புகளின் கிளிப், வீல் பேரிங், செயின், டயர். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்திருப்பார்கள். ஷோரூம் விளக்கில் இதில் ஒன்றுகூடத் தெரியாது.

இந்தக் குறைகளைப் பிடித்து வெளியே இழுத்துப் போடுவது இங்குள்ள குளிர்காலம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை கவுன்சில் லாரிகள் ரோட்டில் உப்பு கொட்டுகின்றன. அந்த உப்புத் தண்ணீர் செயின் அட்ஜஸ்டர், எக்ஸாஸ்ட் காலர், ஸ்போக் நிப்பிள், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் காலிப்பரின் ஸ்லைடு பின் என்று இடுக்கு விடாமல் போய் உட்காரும். ஒரு குளிர்காலம் வெளியே நின்று, கழுவாமல் ஓடிய மலிவு வண்டி அடுத்த ஏப்ரலில் ஐந்து வயது கூடித் தெரியும். வாரண்டிக்காரரிடம் துருவைக் காட்டினால், பராமரிப்புக் குறைவு என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். வாரண்டித் தாளைப் படித்துப் பாருங்கள்: செயின், பிரேக் பேட், பல்பு, கேபிள், துரு எதுவும் பெரும்பாலும் அதில் அடங்காது.

நம் ஊரில் மலிவான வண்டி லாபமாக இருப்பதற்குக் காரணம் வண்டி மட்டும் இல்லை, தெருமுனை மெக்கானிக்கும்தான். பொருள் சீக்கிரம் தேய்ந்தாலும் கூலி குறைவு என்பதால் கணக்கு சரியாகிவிடும். பிரிட்டனில் அது அப்படியே தலைகீழ். ஒரு மணி நேரக் கூலி அறுபது, எண்பது பவுண்ட் என்பது இங்கே சாதாரணம். முன் காலிப்பர் துருப்பிடித்து இறுகிவிட்டது என்று வையுங்கள். கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போடும் வேலைக்குப் பொருள் செலவு ஐந்து பவுண்ட் ஆகாது, பில் நூறைத் தொடும். ஸ்பீடோமீட்டர் கேபிள் பன்னிரண்டு பவுண்ட், மாட்டக் கூலி நாற்பது. போதாக்குறைக்குச் சில கடைக்காரர்கள் சீன வண்டி என்றாலே வாசலிலேயே கையை விரித்துவிடுவார்கள். திமிர் என்று நினைக்காதீர்கள். பார்ட்ஸ் எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது, அதுவரை வண்டி அவர் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். கழற்றும்போது துருப்பிடித்த போல்ட் பாதியில் முறிந்தால் அந்தப் பழியும் அவர் தலையில்தான் விழும்.

ஸ்பானர் பிடிப்பீர்களா என்று நான் முதலில் கேட்டது இதனால்தான். சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் வண்டியோடு உட்காருவீர்கள் என்றால் மேலே சொன்ன பில்கள் எல்லாம் கிரீஸ், ஆயில், துணி என்று சில்லறைச் செலவாகச் சுருங்கிவிடும்.

"இறக்குமதி" என்பதை வைத்துப் பயப்பட வேண்டியதில்லை. இங்கே விற்ற ஹோண்டா சிபிஎஃப்125 இந்தியாவில் செய்தது. யமஹா ஒய்பிஆர்125 சீனாவில் செய்தது. கேடிஎம் 125 டியூக் பூனாவுக்குப் பக்கத்தில் சாக்கனில் பஜாஜ் தொழிற்சாலையில் உருவாவது. பிஎம்டபிள்யூவின் எஃப்750 ஜிஎஸ், எஃப்850 ஜிஎஸ் இன்ஜின்களைக்கூட சோங்சிங் நகரத்து லான்சின்தான் செய்து கொடுத்தது. அதனால் சீனாக்காரனுக்கு வண்டி செய்யத் தெரியாது என்கிற பேச்சு இனி எடுபடாது. போல்ட் இந்தத் தரத்தில் இருக்க வேண்டும், குரோம் இத்தனை மைக்ரான் தடிமன் வேண்டும் என்று கேட்டு, வந்ததை அளந்து பார்த்து, குறைந்தால் திருப்பி அனுப்புகிற ஆள் யார் என்பதே வித்தியாசம். யமஹாவின் பெயர் போகும் என்பதால் யமஹா அளந்து பார்க்கும். 2,000 பவுண்ட் வண்டிக்கு அந்த வேலையைச் செய்ய வேண்டியவர் இங்குள்ள இறக்குமதியாளர். எக்ஸிடரில் இருக்கும் லெக்ஸ்மோட்டோ மாதிரி நீண்ட நாளாகத் தொழிலில் நிற்கும் பெயர்களும் உண்டு, ஒரு கன்டெய்னர் விற்றுவிட்டுப் பெயரை மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. பார்ட்ஸ் அலமாரி, படம் போட்ட பாகங்கள் பட்டியல், ஊர் ஊராக டீலர் இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். டேங்க் ஸ்டிக்கரை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

வியட்நாமில் 2000-ஐ ஒட்டிய வருடங்களில் சீன வண்டிகள் பாதி விலைக்கும் கீழே வந்து கொட்டின. மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். 2002-ல் ஹோண்டா வேவ் ஆல்ஃபா என்று விலையை இறக்கி ஒன்றைக் கொண்டுவந்ததும் ஆட்டம் மாறியது, சீன வண்டிகள் ஒதுங்கத் தொடங்கின. கூலி மலிவான ஊரிலேயே, விலை வித்தியாசம் குறைந்ததும் மக்கள் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இங்கே இன்று புது வண்டிகளுக்குள் வித்தியாசம் ஆயிரம் பவுண்ட், லேசில் விடக்கூடிய தொகை இல்லை. ஆனால் உங்கள் போட்டி புது ஹோண்டாவோடு இல்லை, பழைய ஹோண்டாவோடுதான்.

சரி, வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரத்தில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், பாதித் தலைவிதி இதில்தான் இருக்கிறது. பெட்டியில் வந்த வண்டிக்கு டீலர் கைப்பிடியும் முன்சக்கரமும் மாட்டி, பேட்டரி போட்டு, ஓட்டிப் பார்த்துக் கொடுப்பார். அவசரக்காரக் கடையில் அது ஒரு மணி நேர வேலை. அதனால் வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பாருங்கள்: எக்ஸாஸ்ட், இன்ஜினைத் தாங்கும் போல்ட்டுகள், மட்கார்டு, கண்ணாடி, நம்பர் பிளேட். ஒற்றை சிலிண்டர் அதிர்வுக்கு முதலில் கழன்று விழுவது சைடு ஸ்டாண்ட் போல்ட்டும் எக்ஸாஸ்ட் கிளாம்ப்பும்தான். தளர்ந்ததைக் கழற்றி போல்ட் கழலாமல் பிடிக்கும் நீல நிறத் திரெட் லாக் பசை ஒரு சொட்டு விட்டு முறுக்குங்கள். பின்சக்கர ஆக்ஸிலை உருவிப் பாருங்கள். அனேகமாகக் காய்ந்து கிடக்கும். துடைத்துக் கிரீஸ் பூசித் திரும்பச் செருகுங்கள். ஒரு வருடம் கழித்து பஞ்சருக்காகக் கழற்றும்போது சுத்தியல் தேவைப்படாது. காலிப்பரின் ஸ்லைடு பின்களுக்கு அதற்கான சிலிக்கான் கிரீஸ். ஹெட்லைட் கூட்டுக்குள் இருக்கும் வயர் கிளிப்புகளைப் பிரித்து, ஈரம் புகாமல் காக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி மூடுங்கள். மழையில் வண்டி நின்றுபோகும் கதைகளில் பாதி அந்தக் கிளிப்பில்தான் தொடங்குகிறது. குளிர்காலத்துக்கு முன்பு ஏசிஎஃப்-50 போன்ற துருத் தடுப்பு ஸ்பிரேயை அடியெல்லாம் அடியுங்கள். பிரேக் டிஸ்கிலும் டயரிலும் மட்டும் ஒரு துளிகூடப் படக் கூடாது.

ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சிஜி வகை இன்ஜினில் நாம் நினைக்கிற மாதிரி காகித ஃபில்டர் கிடையாது. ஒரு கம்பி வலையும், சுழற்சியில் கசடை ஒதுக்குகிற ஒரு கிண்ணமும்தான். உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆயில். அந்த ஒரு லிட்டரே கிளட்சையும் கியரையும் சேர்த்துக் கவனிக்கிறது. முதல் 500 கி.மீ. ஆயிலை வடித்தால் அதில் வெள்ளிப்பொடி மாதிரி மினுமினுக்கும், பயப்படாதீர்கள், புது இன்ஜின் தேயும் துகள்தான். அதன் பிறகு புத்தகம் என்ன சொன்னாலும் 2,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கு அடையாளமாகப் புட்டியில் ஜாஸோ எம்ஏ என்று போட்டிருக்க வேண்டும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். ஆயிலோடு டேப்பெட் இடைவெளியையும், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பகுதிக்கும் நடுவே விடும் சந்தையும், பார்த்துக்கொள்ளுங்கள். சிஜி125-க்கு 0.08 மி.மீ., உங்கள் வண்டிக்கு அதன் புத்தகத்தில் இருப்பதே கணக்கு. ஸ்ப்ளெண்டருக்கு டேப்பெட் வைப்பதை ஊரில் பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்களே, அதே வேலைதான்.

டயரை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். மலிவு வண்டியோடு வரும் டயர் ரப்பர் கல் மாதிரி இருக்கும். காய்ந்த ரோட்டில் தெரியாது. நவம்பர் மழையில், இலை உதிர்ந்த ரவுண்டானாவில், பெயின்ட் கோட்டின் மேல் பிரேக் பிடிக்கும்போது தெரியும். இந்த 125-களில் பெரும்பாலும் ஏபிஎஸ் இருக்காது. பின் பிரேக்கை மிதித்தால் முன்னதும் சேர்ந்து பிடிக்கிற ஏற்பாடுதான், சட்டம் அதுவரைதான் கேட்கிறது. மிஷெலின், பிரெல்லி என்று தெரிந்த பெயரில் இரண்டு டயர், டிஐடி செயின், என்ஜிகே பிளக் எல்லாம் சேர்த்து இருநூறு பவுண்டுக்குள் முடியும். உங்கள் 2,200-ல் அந்த இருநூறை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

இப்போது பணக் கணக்கு. சந்தை நிலவரத்தை வைத்து நான் போடும் தோராயம் இது. 2,000 கொடுத்து எடுத்த சீன வண்டியை இரண்டு வருடம் கழித்து, 11,000 கி.மீ. ஓடிய பிறகு விற்கப் போனால் 900 கிடைத்தாலே நல்ல விலை. ஆயிரத்து நூறு அங்கேயே போயிற்று. வாரண்டி நிற்க வேண்டுமென்றால் குறித்த கிலோமீட்டரில் கடையில் சர்வீஸ் முத்திரை வாங்க வேண்டும். நாலு சர்வீஸ் என்றால் இன்னொரு 450, 500. அதே காலத்தில், 1,400-க்கு எடுத்த ஒரு பழைய சிபிஎஃப்125-ஐப் பாருங்கள். டயர், செயின், பிரேக் பேட் எல்லாம் மாற்ற 250 போட்டாலும், விற்கும்போது 1,000 திரும்பி வரும். விழ வேண்டிய விலையை முந்தைய ஓனர் ஏற்கெனவே சுமந்துவிட்டார். வெறும் பணத்தை மட்டும் பார்த்தால் பழைய வண்டிதான் ஜெயிக்கிறது, அதுவும் ஆயிரம் பவுண்டுக்கு நெருக்கமாக.

பிறகு எதற்குப் புதிது? மூன்று வருடம் வரை எம்ஓடி எனப்படும் வருடாந்தரத் தகுதிச் சோதனை கிடையாது. தவணை கிடைக்கும். முன்னால் ஓட்டியவன் எப்படி அடித்து ஓட்டினான் என்ற சந்தேகம் இல்லை. புது வண்டி நமக்கே நமக்கு என்கிற ஆசையையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். தினமும் காலை ஐந்தரை மணி இருட்டில் உதைத்துக் கிளப்புகிறவருக்கு அதில் ஒரு தெம்பு இருக்கிறது.

பழையது தேடும்போது லண்டன்காரர்களுக்கு ஒரு பொறி உண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல் குரோய்டன் உட்பட லண்டனின் பரோக்கள் எனப்படும் நிர்வாகப் பகுதிகள் எல்லாமே, புகை அதிகம் விடும் வண்டிக்குத் தினக் கட்டணம் கேட்கும் யூலெஸ் எல்லைக்குள் வந்துவிட்டன. பைக்குக்கு யூரோ 3 என்ற புகைத் தரம் வேண்டும். பொதுவாக 2007 ஜூலைக்குப் பிறகு பதிவானவை தேறும். இன்ஜின் சாகாது என்று ஆசைப்பட்டு 2003 மாடல் சிஜி125 எடுத்தால், ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட் கட்ட வேண்டியிருக்கும். ஒரு மாதத்திலேயே விழி பிதுங்கிவிடும். இன்ஜெக்‌ஷன் வந்த பிறகான ஒய்பிஆர், சிபிஎஃப் பக்கம் போனால் இந்தத் தொல்லை இல்லை. எதற்கும் பதிவு எண்ணை லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

வண்டி விலையைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸ். மலிவு வண்டிக்கு இன்சூரன்ஸும் மலிவு என்று நினைக்காதீர்கள். உங்கள் வயது, தபால் குறியீடு, ராத்திரி வண்டி எங்கே நிற்கிறது என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். லண்டனில் 125-கள் திருடு போவது சர்வசாதாரணம். அதனால் வண்டியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இரண்டு மூன்று மாடல்களின் எண்ணைப் போட்டு விலை கேட்டுப் பாருங்கள். மாலையில் கொஞ்சம் சாப்பாடு டெலிவரியும் செய்யலாம் என்று எண்ணம் இருந்தால் வேலைக்குப் போய்வரும் பாலிசி செல்லாது, ஹயர் அண்ட் ரிவார்ட் என்ற தனிப் பாலிசி வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்ட் அபராதம், லைசென்ஸில் 6 புள்ளி. அந்தப் புள்ளி பின்னால் வருடக்கணக்கில் இன்சூரன்ஸை ஏற்றும். டெலிவரிதான் முக்கிய நோக்கம் என்றால் என் பதில் மாறிவிடும்: மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடும் வேலைக்கு மலிவு சீன வண்டி வேண்டாம்.

சிபிடி இரண்டு வருடம்தான் செல்லும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அதற்குள் முழு லைசென்ஸ் எடுத்துவிட்டால் மோட்டார்வே திறக்கும், அடுத்த நாளே 125 சலித்துப் போகும். 70 மைல் வேக ரோட்டில் முழுத் திருகில் 55 மைல் போய்க்கொண்டு, பின்னால் லாரி நெருங்குவதைக் கண்ணாடியில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒன்றரை வருடத்தில் விற்றுவிடுவீர்கள் என்றால் விலை சரியும் பள்ளத்தின் ஆழமான பகுதி முழுக்க உங்கள் தலையில்தான்.

இணையத்தில் ஆயிரத்துக்கும் கீழே பெட்டியோடு அனுப்புகிறேன் என்று வரும் விளம்பரங்களைத் தொடவே வேண்டாம். தரச் சான்றிதழ் இல்லாமல் வரும் வண்டிக்கு நம்பர் பிளேட் வாங்குவதற்குள் ரோட்டில் ஓட்டத் தகுதியா என்று பார்க்கும் எம்எஸ்விஏ சோதனை அது இது என்று நாக்கு தள்ளிவிடும். தோட்டத்தில் ஓட்டும் பிட் பைக்கை ரோட்டு வண்டி மாதிரி படம் போட்டு விற்பவர்களும் உண்டு. டீலரிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி முதல் 30 நாளுக்குள் பழுதான வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். விலையில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். செக்‌ஷன் 75 என்ற பாதுகாப்பில், டீலர் காணாமல் போனாலும் கார்டு கம்பெனியிடம் கேட்கும் உரிமை வரும். டெபிட் கார்டுக்கு அது கிடையாது. விலையில் ஐம்பது குறைக்கச் சொல்லிப் போராடுவதைவிட, டயரை மாற்றிக் கொடு, நல்ல டிஸ்க் லாக் ஒன்று சேர்த்துக் கொடு என்று கேட்டால் டீலர் சீக்கிரம் இறங்கி வருவார்.

பழையது பக்கம் சாய்ந்தால், போவதற்கு முன்பே பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அரசுத் தளத்தில் அதன் எம்ஓடி வரலாறு முழுக்க இலவசமாகக் கிடைக்கும். வருடா வருடம் மைல் எண் ஒழுங்காக ஏறுகிறதா, "துரு", "ஸ்டியரிங் பேரிங் தளர்வு" என்ற குறிப்பு திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வி5சி எனப்படும் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் முகவரியும் நீங்கள் நிற்கும் வாசலும் ஒன்றா என்று சரிபாருங்கள். நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பேச்சுக்கு முன்னால் இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிரில் கிளம்ப மறுக்கும் வண்டியை உங்களுக்காக முன்கூட்டியே கிளப்பிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். அப்படியானால் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.